றீற்றாவின் கயிற்று மாடுகள்

றீற்றாவின் குரலுக்குப் பிறம்ரனில் றக் ஓட்டியவர்களில் பாதிப் பேர் பயந்திருக்கிறார்கள். சாமான் ஏற்றி இறக்கும் கம்பனி ஒன்றில் இருபது வருடங்களுக்கு மேல் அவள்தான் டிஸ்பாச் மேசையில் இருந்தாள். எந்த றக் எங்கே போகவேண்டும், எப்போது திரும்பவேண்டும் என்று சொல்வது அவளுடைய வேலை. அவள் பேசியதை, தொலைபேசியைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக் கேட்டுவிட்டுச் சில சாரதிகள் வேறு கம்பனிக்கு ஓடியதுமுண்டு. ஆனால் சட்டம் அனுமதித்த நேரத்துக்கு மேல் ஒரு சாரதியையும் அவள் ஓடச் சொன்னதில்லை. முதலாளியே கேட்டபோதும் சொல்லவில்லை. அதனால் திட்டு வாங்கிய சாரதிகளே நத்தாருக்குக் கேக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள்.

மன்னாரில் பிறந்து, கடல் கடந்து இந்தப் பனிநாட்டுக்கு வந்து, ரெக்ஸ்டேலில் பிள்ளை வளர்த்து, வேலையும் போதும் என்று விட்டபோது, இனிக் கத்துவதற்கு அவசியமில்லை என்றுதான் அவள் நினைத்தாள். கணவன் இக்னேசியஸ் அதற்கு விடவில்லை.

இக்னேசியசும் றக்காரர்தான். கடைசிச் சில வருடங்கள் மாடு ஏற்றும் றெயிலர் ஓட்டினார். அப்படி ஒருநாள் கொம்பு மாடுகளை ஒரு மைதானத்தில் இறக்கிவிட்டு, அங்கே நடப்பதைக் கம்பியில் சாய்ந்து பார்த்தவருக்கு ஏதோ பிடித்துக்கொண்டது. குதிரையில் வரும் இரண்டு பேர் ஓடும் மாட்டைத் துரத்துவார்கள். ஒருவர் கொம்புக்குக் கயிறு எறிவார், மற்றவர் பின்னங்கால்களுக்கு எறிவார். இரண்டும் விழுந்து கயிறு இறுகியதும் நடுவரின் கொடி அசையும், கயிற்றைத் தளர்த்துவார்கள், மாடு எழும்பிப் போகும். அவ்வளவுதான் விளையாட்டு.

ரெக்ஸ்டேல் வீட்டை விற்றுவிட்டு, பிறம்ரனுக்கு வடக்கே கொஞ்ச நிலத்தோடு ஒரு பழைய வீடு வாங்கலாம் என்று அவர் சொன்னபோது, நல்ல காற்றுக்காக என்றுதான் றீற்றா சம்மதித்தாள். வீடு மாறி ஒரு மாதம் போவதற்குள் வாசலில் றெயிலர் வந்து நின்றது. அதற்குள்ளிருந்து பதினாலு கொம்பு மாடுகள் இறங்கின. மெக்சிக்கோ வழிவந்த சின்ன இனம். காயடித்த இளங்காளைகள், நாம்பன்கள். விலா எலும்பு தெரியும் மெலிந்த உடம்பு, இரண்டு பக்கமும் விரிந்த கொம்பு.

"இது என்னப்பா, பால் மாடோ?" என்று கேட்டாள் றீற்றா.

"நாம்பன் எப்பிடியப்பா பால் தரும்?"

"அப்ப இறைச்சிக்கோ?"

"உதிலை என்ன இறைச்சி இருக்கு. கயிறு எறியிறதுக்கு."

"ஆர் எறியிறது?"

"கிளப்பிலை இருக்கிற ஆக்கள்."

"எறிஞ்சு?"

"பிடிச்சிட்டு விட்டுடுவினம்."

"பிறகு?"

"பிறகு திரும்பவும் எறிவினம்."

றீற்றா அவரையும் மாடுகளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று சோறு ஆக்கவில்லை. அஜக்சில் இருக்கும் மகள் ஸ்டெபனிக்குப் போன் எடுத்து, "உன்ரை அப்பாவுக்கு ஏதோ நடந்துபோச்சு," என்று மட்டும் சொன்னாள்.

முதல் வருடம் எல்லாவற்றையும் இக்னேசியசே பார்த்துக்கொண்டார். கிளிபோட் என்பவன் நடத்திய கிளப்புக்குக் கோடை முழுவதும் மாடு கொடுப்பதாகக் கைகுலுக்கிப் பேச்சு. றீற்றா பட்டிப் பக்கம் போகவே இல்லை. அடுத்த பனிக்காலத்தின் கடைசியில், றெயிலரின் சாய்பலகையில் ஐஸ் உறைந்திருந்ததைப் பார்க்காமல் கால் வைத்த மனிதர் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். அறுவைச் சிகிச்சை செய்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மாடிப்படி ஏறமுடியாது என்பதால் முன்னறையில் கட்டில் போட்டாள். அந்த அறையின் ஜன்னல் பட்டியைப் பார்த்தபடி இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

மாடுகளை விற்க அவள் முயன்றாள். ஒருத்தன் வந்து பார்த்தான், இலையுதிர் காலத்தில் வேண்டுமானால் யோசிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனான். வசந்தம் வந்துவிட்டது. கிளிபோட் நாளுக்கு நாள் போன் எடுத்தான். கட்டிலில் கிடந்தவரோ தான் வாக்குக் கொடுத்த மனிசன் என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு காலை றீற்றா அவருடைய சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு பட்டிக்குள் இறங்கினாள்.

அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். நடுவில் நின்று, "போ, போ, அங்காலை போ," என்று டிஸ்பாச் குரலில் ஒரு சத்தம் வைத்தாள். பதினாலு மாடும் ஒரே பாய்ச்சலில் மறுமூலைக்குப் போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. ஒன்றின் கொம்பு வேலிப் பலகையைத் துளைத்துக்கொண்டு மாட்டிக்கொண்டது. இன்னொன்று தீவனத் தொட்டியைத் தாண்டிக் குதித்து, தண்ணீர்க் குழாயை முறித்தது. அவளுடைய சட்டைப் பையில் போன் அடித்தது. ஜன்னலுக்குள்ளிருந்து இக்னேசியஸ்.

"நீர் சத்தம் போடாதையும்."

"சத்தம் போடாமல் அதுக்கு எப்பிடிக் கேக்கும்?"

"அதுக்குக் கேக்கத் தேவையில்லை. நீர் எங்கை நிக்கிறீர் எண்டதுதான் அதுக்குக் கதை. தோளுக்குப் பின்னாலை நிண்டால் முன்னுக்குப் போகும். முன்னாலை வந்தால் திரும்பும். பின்வாங்கினால் நிக்கும். அவ்வளவுதான்."

"இவ்வளவு நாளும் உதைச் சொல்லேல்லை."

"நீர் எங்கை கேட்டனீர்?"

அவள் போனை நிறுத்தினாள். உடைந்த குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்துக்கொண்டிருந்தது.

அந்த மாதம் முழுவதும் அவளுக்கு எரிச்சலாகவே போயிற்று. றெயிலரைப் பின்பக்கமாக ஓட்டப் பழகுவதற்குள் தபால்பெட்டியை இரண்டு முறை சாய்த்தாள். மாடுகளோ முரடு இல்லை, முட்டவும் வருவதில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். முட்டினால் ஒரு காரணம் சொல்லி விற்றுவிடலாம். இவை வெறுமனே எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்தன. ஒருதரம் காற்றுக்குக் கதவு அடித்து ஒன்றின் விலாவில் பட்டது. அதன்பிறகு அந்தக் கதவைக் கண்டாலே எல்லாம் நின்று மூக்கால் ஊதின. அவள் கோபத்தோடு பட்டிக்குள் வந்த நாட்களில், வாயே திறக்காவிட்டாலும், தூரத்திலேயே தலையைத் தூக்கிப் பார்த்தன. "வாயைத் திறக்கேல்லை, என்னத்துக்கு ஓடுதுகள்?" என்று அவள் கேட்டதற்கு, "நீர் நடக்கிற நடையிலை தெரியுதாக்கும்," என்றார் இக்னேசியஸ்.

தன்னை ஆத்திரமூட்டிய பழைய சாரதிகளின் பெயர்களை அவள் மாடுகளுக்கு வைத்தாள். முன்னால் முண்டியடித்துப் போவது ராகுலன். கோப்பிக்கடை கண்ட இடமெல்லாம் நிறுத்தும் சாரதி ஒருவன் இருந்தான், மரியோ. போகிற வழியில் எங்கும் நின்று புல் மேயும் வரிமாட்டுக்கு அவனுடைய பெயர்.

மே மாதம் கிளப் தொடங்கியது. மைதானத்தின் ஒரு தலைப்பில் ஒரு மாடு மட்டும் நிற்கக்கூடிய இரும்புக் கூடு. கொம்பின் அடியும் காதும் கயிற்றில் உரசாமல் இருக்க, தடித்த துணிக் காப்பை ஒவ்வொன்றுக்கும் கட்டி அதற்குள் விடவேண்டும். கூட்டின் கதவு திறந்ததும் மாடு மறுதலைப்புக்கு நேராக ஓடவேண்டும். அது தானாக வராது. புது மாட்டைக் கயிறே இல்லாமல் பலமுறை ஓடவிட்டு, மறுபக்கத்தில் வெளியே போகும் கதவு இருக்கிறது, போனால் தொல்லை முடியும் என்று பழக்க வேண்டும். அந்த நம்பிக்கையில்தான் அது ஓடுகிறது. இதை அறிந்தபோது றீற்றாவுக்கு முதன்முறையாக அந்த மாடுகள்மேல் ஏதோ ஒரு இரக்கம் வந்தது. உடனே அதை மறைத்துக்கொண்டு, "விசர் மாடுகள்," என்றாள்.

அளவுக்கு மேல் ஓடவிட்டால் அந்த நம்பிக்கை போய்விடும். சலித்துப்போன மாடு கூட்டை விட்டு வராது, அல்லது பாதியில் திடீரென்று திரும்பும், அல்லது படுத்துவிடும். அதனால் ஒரு மாலைக்கு ஒரு மாட்டுக்கு இத்தனை ஓட்டந்தான் என்று பேச்சு. வெயிலென்றால் இன்னும் குறைவு. ஒவ்வொரு மாலையும் முடிகிற நேரத்தில் கிளிபோட் குதிரையில் அருகே வந்து, தொப்பியைத் தூக்கி, "இன்னும் ஒன்றே ஒன்று, றீற்றா," என்பான். ஒன்று மூன்றாகும். அவள் வீடு வரும்வரை ஸ்டியரிங்கோடு பேசிக்கொண்டு வருவாள்.

ஜூனில் ஒரு மாலை மரியோவின் முறை வந்தது. கதவு திறந்தது. இரண்டு குதிரைக்காரரும் பாய்ந்து போனார்கள். மாடு பாயவில்லை. ஆற அமர வெளியே வந்து, நாலு பக்கமும் பார்த்து, கம்பியோரம் பன் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதனிடம் நேராகப் போய் மூக்கை நீட்டியது. மைதானமே சிரித்தது. கயிறோடு தூரத்தில் போய் நின்ற குதிரைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். றீற்றாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

வீட்டுக்கு வந்தவள் நேரே முன்னறை ஜன்னலடிக்குப் போனாள். வெளிப்பக்க விளிம்பில் பாண் துகள்கள். பட்டியின் வேலி அந்த இடத்தில் மட்டும் தேய்ந்து மினுங்கியது.

"பாண் குடுத்தனீங்களோ?"

"நாள் முழுக்கக் கிடக்கிறன் றீற்றா. அவன் வந்து நிக்கிறான்."

"அவன் எண்டு வேறை சொல்லுறீங்கள். எப்பிடிக் குடுத்தனீங்கள்?"

"வோக்கரைப் பிடிச்சுக்கொண்டு ரெண்டடி. டொக்டர் நடக்கச் சொன்னவர்தானே."

"எனக்குச் சொன்னனீங்கள், செல்லம் குடுக்காதையும், கிட்டப் போகாதையும், மனிசரிலை பயம் போனால் மாடு ஓடாது எண்டு. சொன்னது நீங்கள்."

"சொன்னனான்தான்."

"இப்ப அவருக்கு ஓட விருப்பமில்லையாம். பன் வேணுமாம்."

இக்னேசியஸ் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து மரியோவுக்கு மைதானமில்லை. வேலை செய்யாத மாட்டுக்கும் மற்றவற்றுக்குப் போடும் அளவு புல் போடவேண்டியிருப்பதை நினைத்து அவள் தினமும் காலையில் புறுபுறுத்தாள். பாணும் நின்றது. மாடு ஜன்னலடியில் நின்று கத்தும், மனிதர் கட்டிலில் கிடந்து பெருமூச்சு விடுவார், அவள் குசினியில் பாத்திரத்தை ஓங்கி வைப்பாள்.

ஜூலையில் கிளப்பின் போட்டி நாள். காலையிலேயே காற்றில்லாத வெக்கை. கிளிபோட் பேசியதற்கு மேலாகக் குதிரைக்காரர் பல சோடிகளைச் சேர்த்திருந்தான் என்பது அங்கே போனபிறகுதான் றீற்றாவுக்குத் தெரியவந்தது. இரண்டாம் சுற்றோடு தன்னுடைய மாடுகள் முடிந்துவிடும் என்று அவனிடம் சொன்னாள். சரி என்றான். இரண்டாம் சுற்று முடிந்ததும் இறுதிச் சுற்று என்று ஒலிபெருக்கியில் கேட்டது. அவள் போய்க் கேட்டாள். சனம் அதற்காகத்தானே காத்திருக்கிறது, பத்து நிமிடம்தானே என்றான். அவள் சொல்லுமுன்பே அடுத்த மாட்டைக் கூட்டுக்குள் விட்டிருந்தார்கள். ராகுலன்.

எப்போதும் முண்டியடிக்கும் அந்த மாடு கூட்டுக்குள் முழங்காலை மடித்துப் படுத்துவிட்டது. நாக்கு வெளியே. விலா ஊதி ஊதி இறங்கியது. கதவு திறந்தும் அசையவில்லை. கிளப்பில் கயிறு எறியும் மாக்கஸ் என்ற நெடுவல் மனிதன் மின்சாரக் கோலை எடுத்துக்கொண்டு வந்தான்.

"அதைக் கீழே வை," என்றாள் றீற்றா.

"இது நடிப்பு. தொட்டால் எழும்பிவிடும்," என்றான் அவன்.

"எனக்கும் தெரியும் எழும்பும் என்று. கீழே வை."

கிளிபோட் குதிரையை ஓட்டிவந்தான். எல்லாரும் பார்க்கிறார்கள், இப்போது வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். இருபது வருடமாக மேசைக்கு முன்னால் நின்று இதே குரலில் பேசிய முதலாளிகளை அவளுக்குத் தெரியும். இன்னும் ஒரு லோட், இன்னும் ஒரு மணித்தியாலம். கூட்டின் பின்பக்கக் கதவை இழுத்துத் திறந்தாள். வரிசையில் நின்ற மாடுகள் பின்பட்டிக்குத் திரும்பிப் போயின. படுத்திருந்ததும் திறந்த வழியைக் கண்டு மெல்ல எழும்பிப் பின்னுக்கு நடந்தது. அவள் கதவைச் சாத்திக் கொளுவினாள்.

"முடிஞ்சுது," என்றாள் தமிழில். அது எல்லாருக்கும் விளங்கியது.

யாரோ ஊளையிட்டார்கள். கிளிபோட்டின் முகம் பீற்றூட் நிறமானது. இனி உங்கள் மாடு இந்த மைதானத்துக்கு வேண்டாம் என்றான். சரி என்றாள். இப்போதே ஏற்றிக்கொண்டு போகவேண்டும் என்றான். அதற்கும் சரி என்றாள்.

ஆனால் ஏற்ற முடியவில்லை. ஒருவரும் கைகொடுக்க வரவில்லை. அவள் கோபம் ஆறாமலே உள்ளே இறங்கினாள். பின்பட்டியில் அவள் ஒரு அடி வைக்க மாடுகள் சுற்றிச் சுற்றி ஓடின. றெயிலர் வாய்வரை வந்து பிளந்து இரண்டு பக்கமும் போயின. அவள் கத்தினாள். மறுபடி வேலியில் ஏறின. வேலிக்கு மேலால் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து இக்னேசியஸ் போனில்.

"நீர் என்ன செய்தனீர்? கிளிபோட் எடுத்துக் கத்துறான். என்ரை வாக்கை முறிச்சுப்போட்டீர்."

"உங்கடை வாக்கு வெயிலிலை படுத்திட்டுது," என்று போனை நிறுத்தினாள். உடனே ஸ்டெபனி எடுத்தாள். அப்பா சொல்லியிருக்க வேண்டும்.

"அம்மா, முதல்லை மூச்சு விடுங்கோ. லைக், ஸ்லோவா. இன், அவுட்."

"நான் விட்டுக்கொண்டுதான் இருக்கிறன்," என்று அதையும் நிறுத்தினாள்.

ஒரு வாளியைக் கவிழ்த்து றெயிலரின் நிழலில் மாடுகளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். சுடுதண்ணீர்ப் போத்தலில் தேநீர் இருந்தது. காலையில் கட்டிக்கொண்டுவந்த மட்டன் றோலும் இருந்தது. அதைத் தின்றாள். தேநீர் முடியும்வரை வேறு ஒன்றும் செய்யவில்லை. இந்த வயதில், இந்த வெயிலில், யாரோ குதிரை வைத்திருக்கும் ஆட்களுக்கு முன்னால் சாணி மிதித்துக்கொண்டிருப்பது ஏன் என்று நினைத்தபோது அழுகை வருவதுபோல் இருந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. வெறும் களைப்புத்தான் மிஞ்சியது. பின்னால் ஓடும் சத்தம் நின்றிருந்தது. ஒன்று கிட்டவந்து அவளுடைய தோளடியில் சூடாக ஊதியது. திரும்பவில்லை.

எழும்பியபோது அவளுக்கு அவசரமே இருக்கவில்லை. பட்டியின் பின்பக்கத்தால் அங்குமிங்குமாக மெல்ல நடந்தாள். ஒரு அடி முன்னுக்கு, மாடு நகர்ந்ததும் ஒரு அடி பின்னுக்கு. தலைகள் திரும்பின. ஒன்று றெயிலருக்குள் எட்டிப் பார்த்து ஏறியது. அதன் பின்னால் மற்றவை, பள்ளிக்கூடம் விட்டுப் போகும் பிள்ளைகளைப் போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு. ராகுலன் மட்டும் சாய்பலகையில் கால் வைத்துவிட்டு நின்றது. அவள் பின்வாங்கி நின்றாள். அது யோசிக்கட்டும் என்று விட்டாள். வெகுநேரம் யோசித்துவிட்டு ஏறியது.

உள்ளே போனதும் கதவைச் சாத்த வேண்டும். அவள் இருந்த இடத்திலிருந்து அது எட்டாது. அவள் ஓடினால் மாடுகள் திரும்பி வந்துவிடும். வெளிப்பக்கத்திலிருந்து ஒரு நீளக் கை வந்து கதவைச் சத்தமில்லாமல் தள்ளிக் கொளுவியது. மாக்கஸ். அவள் நன்றி சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்தாள்.

வீட்டில் இக்னேசியஸ் சில நாட்கள் அவளோடு பேசவில்லை. அவளும் பேசவில்லை. சாப்பாட்டுக் கோப்பையைக் கட்டிலடியில் வைப்பாள், எடுப்பாள். கடைசியில் அவர்தான், "ராகுலன் தின்னுதோ?" என்று கேட்டார்.

"தின்னுது."

"நான் நிண்டிருந்தாலும் நிப்பாட்டியிருப்பன்."

"நீங்கள் நிண்டிருந்தால் கிளிபோட்டோடை சிரிச்சுச் சிரிச்சு இன்னும் ரெண்டு சுற்று விட்டிருப்பியள்."



கிளிபோட் வேறிடத்தில் மாடு எடுத்தான். மைதானம் பழகாத மாடுகள். முதல் மாலையே ஒன்று கம்பியைத் தாண்டிக் காரோடு காராக வீதியில் ஓடியதாக மாக்கஸ் போனில் சொன்னான். ஆகஸ்டில் கிளிபோட் எடுத்தான். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. பாதி நாட்களுக்கு மட்டும் மாடு வேண்டும் என்றான். எப்போது நிறுத்துவது என்பதை நான்தான் சொல்லுவேன், சொன்னபிறகு ஒருவரும் தொப்பி தூக்கக்கூடாது என்றாள். அவன் சம்மதித்தான். மற்றப் பாதி நாட்கள் வேறு மாட்டுக்காரனுக்குப் போனது போனதுதான். இக்னேசியசுக்கு அது இன்றுவரை மனவருத்தம்.

இப்போது அவர் பொல்லுப் பிடித்து நடக்கிறார். ஞாயிறு தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து வெளியே நிற்கும்போது, மாட்டுக்குச் சத்தம் ஆகாது, நிற்கிற இடந்தான் முக்கியம் என்று ஆட்களைக் கூட்டிவைத்துக் கையால் காட்டிக் காட்டிச் சொல்வார். றீற்றா காருக்குள் இருந்து ஹோர்ன் அடிப்பாள். போன கிழமை வீட்டுக்கு வரும் வழியில், ஒரு குதிரை வாங்கினால் என்ன, இந்த இடுப்புக்கு ஆட்டம் நல்லதாம் என்று மெல்லத் தொடங்கினார்.

அவள் காரை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தாள். கண்ணாடி வழியே முன்னால் பார்த்துக்கொண்டு இருந்தாள். மனிதர் இரண்டு முறை தொண்டையைச் செருமினார். பொல்லை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"சரி, குதிரை வேண்டாம்," என்றார் கடைசியில்.

றீற்றா எஞ்சினைப் போட்டாள்.